பால் நாஷின் ‘டோட்டெஸ் மேர்’: வெற்றியா, துக்கமா?

கேள்வி:
ஆங்கிலேய ஓவியர் பால் நாஷ் 1940–41இல் வரைந்த ‘டோட்டெஸ் மேர்’ (இறந்த கடல்) என்ற எண்ணெய் வண்ண ஓவியத்தை அண்மையில் நூலொன்றில் கண்டேன். நிலவொளியில் ஒரு கடல். உற்று நோக்கினால் அதன் அலைகளெல்லாம் வீழ்ந்த ஜெர்மானிய விமானங்களின் இறக்கைகள். போர்க்காலத்தில் அரசுக்காகத் தீட்டப்பட்ட ஓவியத்தில் வெற்றிக் களிப்பு ஏன் தென்படவில்லை? இதை இரங்கலாகக் கொள்வது சரியாகுமா?

மறுமொழி 1:
இரங்கல் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம் என்பேன். ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகில் கௌலியில், வீழ்ந்த விமானங்களைக் குவித்து வைத்திருந்த கிடங்குதான் இதற்கு மூலம். அங்கே பிரிட்டிஷ் விமானங்களின் சிதைவுகளும் கிடந்தன. நாஷ் அவற்றை விலக்கிவிட்டு, படையெடுத்து வந்தவர்களின் கதியை மட்டும் காட்டினார். இதைப் பிரச்சார அஞ்சலட்டையாக்கி ஜெர்மனிக்குள் பரப்பலாம் என்ற எண்ணமும் அவருக்கு இருந்தது. எனவே இந்த அமைதி எதிரிக்கு விடுக்கப்பட்ட எச்சரிக்கை. ஆரவாரமின்றிச் சொல்லப்பட்டதாலேயே அது கூடுதலாக அச்சுறுத்துகிறது.

மறுமொழி 2:
மேலே நண்பர் கூறியது ஓவியரின் நோக்கம். ஓவியத்தின் உணர்வு அதற்குள் அடங்கிவிடவில்லை என்பது என் கருத்து. போர் ஓவியர்களுக்கான ஆலோசனைக் குழுவின் தலைவர் கென்னத் கிளார்க்குக்கு எழுதிய கடிதத்தில், நிலவொளியில் இவ்விமானங்கள் அசைந்து புரள்வதுபோல் தோன்றும் என்றும், ஆனால் அவை முற்றிலும் உயிரற்றவை என்றும் நாஷ் விவரிக்கிறார். அக்காட்சியில் அசையும் ஒரே உயிராக அவர் குறிப்பிடுவது, தாழப் பறந்து இரை தேடும் ஒரு வெள்ளை ஆந்தையை. ஓவியத்திலும் அதைத் தேடிக் கண்டுபிடிக்கலாம். கரைபோன்ற மண் விளிம்பில் வந்து உறைந்து நிற்கும் சாம்பல் பச்சை அலைகள், அவற்றினிடையே இறக்கைகளில் தெரியும் சிலுவைக் குறிகள், இவற்றுக்கு மேலே யார் பக்கமும் சாராத அந்தப் பறவை என்று பார்க்கும்போது, வென்றவரின் பார்வைக்கு இங்கே இடமே இல்லை. ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் ஃபிரெட்ரிக் 1823–24இல் வரைந்த பனிக்கடல் ஓவியத்தில் நொறுங்கிய பனிப்பாளங்களுக்கு அடியில் கப்பலொன்று புதைந்து கிடக்கும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்கள் பலர். எதிரி நாட்டு ஓவிய மரபின் துக்கத்தைக் கொண்டே எதிரியின் வீழ்ச்சியை நாஷ் வரைந்தார் என்று கொண்டால், களிப்பு ஏன் ஒட்டவில்லை என்பது விளங்கும்.

மறுமொழி 3:
நாஷின் முந்தைய அனுபவத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முதல் உலகப் போரில் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்க்களத்தைக் கண்டவர் அவர். ‘நாம் ஒரு புதிய உலகை உருவாக்குகிறோம்’ என்ற அவரது 1918ஆம் ஆண்டு ஓவியத்தில் முறிந்த மரங்களும் குண்டுக் குழிகளும் உண்டு, மனிதர் ஒருவரும் இல்லை. தலைப்பில் மட்டும் கசப்பான நையாண்டி. பிணங்களை வரையாமல் நிலத்தைப் பிணமாக்கிக் காட்டும் அந்த முறைதான் கௌலியிலும் அவருக்குக் கைகொடுத்தது. ஆனால் 1918இல் இருந்த கோபம் இதில் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ‘டோட்டெஸ் மேர்’ இப்போது லண்டன் டேட் கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது. கௌலியில் நாஷ் எடுத்த புகைப்படங்களையும் தேடிப் பாருங்கள். அவற்றில் இருப்பது வெறும் உலோகக் குவியல். நிலவும் ஆந்தையும் பின்னர் அவர் சேர்த்தவை. கேட்டவரின் ஐயத்துக்கு, வெறும் பிரச்சாரத்துக்குத் தேவைப்படாத இந்தச் சேர்க்கைகளிலிருந்து விடை தேடுவதே பொருத்தம்.