ஆச்சி கையில பச்சை, பேரன் கையில டாட்டூ: ரெண்டும் ஒண்ணா, வேறயா?

நெல்லைப்பையன்:
நேத்து பேட்டைக்கார அண்ணாச்சி இங்க எழுதுனதப் படிச்சதுல இருந்து மனசு ஆறல. "பச்சை குத்துனது பாசத்துக்கு, டாட்டூ குத்துறது திமிருக்கு. ஆச்சிமார் கையில ஏறுனது அகத்திக் கரி, அதுல ஒரு சீக்கும் வராது." இதுதான் அவர் சொன்னது.

எங்க ஆச்சிக்கு முழங்கைக்குக் கீழ ஒரு கோலமும் தாத்தா பேரும் இருக்கும். தாத்தா பேர வாயால சொல்ல மாட்டா. யாராவது கேட்டா கைய நீட்டுவா. நான் குத்துனது ஆச்சி பேரு. பதினாறு கும்பிட்ட மறுவாரம் போய்க் குத்துனேன். அப்பா மூணு மாசமா எங்கூட முகங்கொடுத்துப் பேசல. இதுல திமிரு எங்க இருக்கு?

பேட்டைக்காரர்:
தம்பி, அகத்திக் கரின்னு சொன்னா சொன்னதுதான். மஞ்சப்பொடியும் அகத்தி இலையும் சேத்துக் கசக்கி, துணியில வச்சுத் திரியா உருட்டி, விளக்கெண்ணெயில எரிப்பாவ. மேல சட்டியக் கவுத்துப் பிடிச்சா கரி படியும். அதத் தாய்ப்பால்லயோ தண்ணியிலயோ குழைச்சுத்தான் குறத்தி குத்துவா. வலி தெரியாம இருக்கப் பாட்டும் பாடுவா. உம்ம கடையில மிஷின்ல ஊத்துன மையில என்ன இருக்குன்னு கேட்டீரா?

கோதை_பாளை:
அண்ணாச்சி, கரியப் பத்திப் பக்கம் பக்கமா எழுதுதிய. ஊசியப் பத்தி ஒரு வரி காணோம். தெரு முழுக்க ஒரே ஊசி. நான் நர்ஸு. டாட்டூ குத்துனா 12 மாசம் ரத்தம் குடுக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. எல்லாம் ஊசி வழியாப் பரவும், அதுக்குத்தான். கரி அகத்தியா ஆவாரையான்னு கிருமி பாக்காது.

பேட்டைக்காரர்:
ஊசிய நெருப்புல காட்டித்தான் குத்துவா. எங்கம்மா 83 வயசு வரைக்கும் ஒரு ஆஸ்பத்திரி வாசல மிதிச்சதில்ல.

கோதை_பாளை:
நெருப்புல காட்டுனத நீங்க பாத்தியளா?

பேட்டைக்காரர்:
எங்கம்மா சொன்னா.

கோதை_பாளை:
அப்ப பாக்கல.

அம்பை_ஆத்தங்கரை:
ஊசிய விடுங்க. எங்க தெருவுப் பையன் ராணுவத்துக்குப் போகணும்னு வருசக்கணக்கா ஓடுதான். அங்க முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவுல உள்பக்கம், இல்லன்னா புறங்கை, அங்கதான் நிரந்தர டாட்டூவுக்கு அனுமதி. இவன் புஜத்துல குத்திட்டு இப்ப லேசர்ல அழிக்க அலையுதான். ஒரு தடவையோட போறதில்ல அது. அவங்க அம்மா அழுறது பாசமா திமிரான்னு பாத்து இல்ல, அவன் வேலை போயிருமேன்னுதான்.

வடக்குரதவீதி:
எனக்குப் பயம் வேற. பூ, பேரு, வேல், சிலுவை எத வேணாலும் குத்தட்டும். சாதிய ஒட்டுன அடையாளத்தக் குத்திட்டு வந்தா? சாதிக்கொரு கலர்னு கையில கட்டுன கயிறக் கழத்திரலாம், குத்துனதக் கழத்த முடியுமா? 2023ல நாங்குநேரியில ஒரு பள்ளிக்கூடத்துப் பையனச் சாதி வெறியில கூடப் படிச்ச பயலுவளே வெட்டுனதுக்குப் பொறவு அரசாங்கம் போட்ட நீதிபதி சந்துரு குழு, 2024ல குடுத்த அறிக்கையில பள்ளிக்கூடத்துல கலர் கயிறே கூடாதுன்னு சொல்லிச்சு. ப்ளஸ் டூ படிக்கிற மகன் இருக்கான் எனக்கு. ராத்திரி அவன் தூங்கும்போது சட்டைக் கைய ஏத்திப் பாக்கேன்.

பேட்டைக்காரர்:
வந்துட்டாரு. எத எடுத்தாலும் சாதியில கொண்டு போய் முட்டுவாரு. ஆனித் தேரோட்டத்தப் பத்திப் பேசுனப்பவும் இதே வேலையத்தான் பாத்தீரு. வடம் எப்படி அறுந்துச்சுன்னு கேட்டா ஊர் வரலாறு பேசுனீரு. மறக்கல வே நான்.

வடக்குரதவீதி:
வே கீ எல்லாம் உம்ம வீட்டுல வச்சுக்கிடும். நாலு பிள்ளைகளப் பெத்தவன் பேசுற பேச்சா இது?

நெல்லைப்பையன்:
கேட்டது என்ன, நீங்க பேசுறது என்ன? ஆச்சி தாத்தா பேரக் குத்துனா பாசம், நான் ஆச்சி பேரக் குத்துனா திமிரா? அதுக்கு ஒருத்தரும் பதில் சொல்லல.

பேட்டைக்காரர்:
சொல்லுதேன் கேளும். உங்க ஆச்சி பெரியவங்க முன்னால உக்காந்து குத்துனா. நீர் யாருகிட்ட கேட்டீரு? அப்பனுக்குத் தெரியாம போய்க் குத்திட்டு, முழுக்கைச் சட்டை போட்டு மறைச்சிருப்பீரு. பாசம்னா ஏன் மறைக்கணும்?

நெல்லைப்பையன்:
மறைக்கல. அன்னிக்கே காட்டுனேன். அப்பா எந்திரிச்சு வெளிய போயிட்டாரு.

கோதை_பாளை:
ஆச்சிகிட்ட மட்டும் யாரு கேட்டாவ? எங்க பாட்டிக்கு ஏழு வயசுல ரெண்டு பேரு பிடிச்சுக்கிட்டுக் குத்துனாவளாம். வீறிட்டு அழுதாளாம். பாட்டெல்லாம் காதுல விழலன்னு சொல்லுவா. அது பாசமா? ஊசி நெருப்புல காட்டுனதா?

பேட்டைக்காரர்:
திரும்பத் திரும்ப அதே ஊசி. எம்மா, நீ படிச்சது புஸ்தகம். எங்கம்மா கையில குத்தியிருந்தது தேளுப் பச்சை. கடைசி வரைக்கும் ஒரு புள்ளி கலையல. எரிக்கும்போது அதையும் கூடக் கொண்டு போனா. நகை நட்டு எதுவும் கூட வராது, பச்சைதான் கூட வரும்னு அவளே சொல்லிருக்கா.

நெல்லைப்பையன்:
அண்ணாச்சி, என் கையில இருக்கிறதும் எங்கூட வரும்.

பேட்டைக்காரர்:
மிஷின் மையும் அகத்திக் கரியும் ஒண்ணுன்னு எவன் சொன்னான்? ஊசிய நெருப்புல காட்டித்தான் குத்துனாவ. எங்க பெரியக்கா சீவலப்பேரியில இருக்கா, நாளைக்கே போய்க் கேட்டுட்டு வந்து எழுதுதேன்.

கோதை_பாளை:
கேளுங்க. ஒரு ஊசியா, பல ஊசியான்னும் கேட்டுட்டு வாங்க.