பெரியப்பாவின் படர்தாமரை: குடும்பக் குழுவில் ஒரு மாலை

சுந்தரம் பெரியப்பா: இடுப்பில் படர்தாமரை மறுபடியும் வந்துவிட்டது. கிரீம் பூசினால் அரிப்பு அடங்குகிறது, நிறுத்தினால் முன்பைவிடப் பெரிய வட்டமாகக் கிளம்புகிறது. டெர்பினஃபின் என்ற பூஞ்சை மாத்திரையும் சாப்பிட்டுப் பார்த்தேன், கேட்கவில்லை. மீனா, நீ பூஞ்சை ஆய்வகத்தில்தானே இருக்கிறாய். என்னம்மா இது?

லலிதா அத்தை: அண்ணா, என்னிடம் ஒரு கிரீம் மிச்சம் இருக்கிறது. எனக்குச் சிவப்பு சீக்கிரமே போய்விட்டது. கொடுத்து அனுப்பட்டுமா?

மீனா: அத்தை, வேண்டாம். தயவுசெய்து அனுப்பாதீர்கள். இரண்டு பேரும் கிரீம் டியூபின் பின்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள்.

லலிதா அத்தை: 📷

சுந்தரம் பெரியப்பா: 📷

மீனா: நினைத்தேன். இரண்டிலும் பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் இருக்கிறது. ஒன்றில் குளோபெட்டசால், இன்னொன்றில் பீட்டாமெத்தசோன். ஸ்டீராய்டு பூஞ்சையைக் கொல்லாது. பூஞ்சையை எதிர்த்து நம் தோல் காட்டும் சிவப்பையும் அரிப்பையும்தான் அடக்கும். பார்க்க ஆறியது போல இருக்கும், உள்ளே அது படர்ந்துகொண்டே போகும். வட்டத்தின் வடிவமே மாறிவிடுவதால், பல நேரம் மருத்துவருக்கே படர்தாமரை என்று அடையாளம் தெரியாது.

ரவி: ஆனால் மாத்திரை ஏன் கேட்கவில்லை அக்கா? அதில் ஸ்டீராய்டு இல்லையே.

மீனா: பூஞ்சை தன் செல்லின் உறைக்கு எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பைத் தயாரிக்க வேண்டும். அதற்கு ஸ்குவாலீன் எபாக்சிடேஸ் என்ற நொதி தேவை. டெர்பினஃபின் அந்த நொதியில் போய் உட்கார்ந்து வேலையை நிறுத்துகிறது. நொதிக்கான மரபணுவில் சின்ன மாற்றம் வந்தால் போதும், மருந்தால் அங்கே சரியாக உட்கார முடியாது. டிரைக்கோபைட்டன் இன்டோடினியே என்ற பூஞ்சையில் இது நிறையவே இருக்கிறது. 2020இல்தான் அதற்குத் தனி இனமாகப் பெயர் வைத்தார்கள். தெற்காசியாவில் பரவலாக இருந்தது, இப்போது பல நாடுகளில் தென்படுகிறது. 2023இல் நியூயார்க்கில் இரண்டு பேருக்கு இருப்பதாக அறிவித்தார்கள். அதில் ஒருவர் அண்மையில் எந்த வெளிநாட்டுக்கும் போகாதவர்.

சுந்தரம் பெரியப்பா: அப்படியானால் எனக்கும் அதுதானா?

மீனா: பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது பெரியப்பா. ஓரத்துச் செதிலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சையா இல்லையா என்று தெரியும். எந்த இனம் என்று தெரிய வளர்த்துப் பார்க்க வேண்டும், அதற்குச் சில வாரம் ஆகும். இன்டோடினியே என்று உறுதிசெய்ய அதன் மரபணுவையும் சோதிக்க வேண்டும். மருந்து கேட்காததற்கு வேறு காரணமும் இருக்கலாம். பாதியில் நிறுத்தியிருப்பீர்கள், அல்லது வீட்டில் இன்னொருவரிடமிருந்து திரும்பத் திரும்ப ஒட்டிக்கொள்ளும். மாத்திரையை எத்தனை நாள் சாப்பிட்டீர்கள்?

சுந்தரம் பெரியப்பா: அரிப்பு நின்றதும் நிறுத்திவிட்டேன்.

மீனா: அங்கேதான் சிக்கல். அரிப்பு நின்ற பிறகும் பூஞ்சை மிச்சம் இருக்கும். அரைகுறை மருந்தில் தாக்குப்பிடிக்கும் பூஞ்சைதான் தழைக்கும்.

லலிதா அத்தை: வேறு நல்ல மருந்து கொடுக்க மாட்டார்களா?

மீனா: கையில் இருப்பதே கொஞ்சம்தான் அத்தை. பாக்டீரியாவின் செல் நம் செல்லிலிருந்து ரொம்ப வித்தியாசமானது, அதனால் அதை மட்டும் தாக்கும் மருந்துகள் பல உண்டு. பூஞ்சையின் செல் நம் செல்லுக்கு நெருக்கமானது. அதைக் கொல்லும் பொருள் நம்மையும் பாதிக்கக்கூடும். அதனால்தான் இருக்கிற மருந்து வகைகள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருக்கின்றன. அவற்றையும் வீணாக்குவதைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

ரவி: கேண்டிடா ஆரிஸ் என்று ஒரு பூஞ்சை செய்தியில் வந்ததே, அதுவும் இந்த வகையா?

மீனா: அது வேறு, தோலோடு நிற்காது. 2009இல் ஜப்பானில் முதலில் விவரித்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கை, கருவி என்று மேற்பரப்புகளில் தங்கி ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவருக்குப் போகும். பெரும்பாலும் ஃபுளுக்கோனசோல் என்ற பூஞ்சை மருந்துக்கு அடங்காது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் 19 பூஞ்சைகளைப் பட்டியலிட்டது. மிக அவசரமான பிரிவில் நான்கு, அதில் இதுவும் ஒன்று. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் என்ற பூஞ்சையும் அதே பிரிவில்தான். பூஞ்சையைக் கொல்லப் பயிருக்கு அடிக்கும் அசோல் மருந்தும் மருத்துவமனையில் தரும் அசோல் மருந்தும் ஒரே குடும்பம். வயலிலேயே அந்த மருந்துக்குப் பழகிய இந்தப் பூஞ்சையின் வித்துகளை மூச்சில் இழுத்தவர், ஒரு மாத்திரைகூடச் சாப்பிடாமலே மருந்து கேட்காத நோயோடு வரலாம். நெதர்லாந்தில் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

ரவி: அந்த நோயாளி என்ன தப்பு செய்தார், பாவம்.

மீனா: அதேதான். சரி, பெரியப்பா, தோல் மருத்துவரிடம் போகும்போது நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரையின் பெயரையும் எழுதி எடுத்துப் போங்கள். இட்ராகோனசோல் என்ற வேறு பூஞ்சை மருந்து கொடுக்கலாம். சிம்வாஸ்டாட்டின் போன்ற சில கொலஸ்ட்ரால் மாத்திரைகளோடு அது சேரக்கூடாது. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டால் இட்ராகோனசோல் கேப்சூல் சரியாக உடம்பில் சேராது. இதய பலவீனம் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

சுந்தரம் பெரியப்பா: நெஞ்செரிச்சலுக்கு தினமும் ஒன்று போடுகிறேன். அதைச் சொல்லவே தோன்றவில்லை.

மீனா: கட்டாயம் சொல்லுங்கள். அப்புறம் துண்டு, உள்ளாடை எதையும் பகிர வேண்டாம், நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். பெரியம்மாவுக்கு அரிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள்.

சுந்தரம் பெரியப்பா: தொடையில் இருக்கிறதாம். என்னிடம் சொல்லவே இல்லை.

மீனா: இரண்டு பேரும் சேர்ந்தே போங்கள். சுரண்டி எடுக்கும் முன் கிரீம் பூசியிருந்தால் சோதனையில் பூஞ்சை தெரியாமல் போகலாம். எத்தனை நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று மருத்துவமனையில் போனிலேயே கேட்டுவிடுங்கள்.

லலிதா அத்தை: என்னிடம் இருந்த டியூபைக் குப்பையில் போட்டுவிட்டேன் மீனா. எனக்கும் ஒரு அப்பாயின்ட்மென்ட் சேர்த்துப் போடுங்கள் அண்ணா.