அரை அவுன்ஸ் ஜிக்: டங்ஸ்டனுக்கு மாறியதும் கல்லில் மாட்டுவது அதிகமாகிவிட்டது. ஈயத்துக்கே திரும்பலாமா?

ஏரிக்கரையான்

பாஸ் மீனுக்கு ஜிக் (உலோகக் குண்டுத் தலை பிடித்த தூண்டில் முள்) போடுகிறவர்களிடம் ஒரு சந்தேகம். நான் போடும் இடம் 20 முதல் 25 அடி ஆழம். அடியில் உடைகல்லும் சரளையும் கலந்து கிடக்கும், நடுநடுவே மூழ்கிய மரக்கட்டைகள். இதுவரை அரை அவுன்ஸ் ஈய ஜிக்தான். எல்லோரும் சொல்கிறார்களே என்று இப்போது அதே அரை அவுன்ஸில் டங்ஸ்டன் வாங்கிக் கட்டினேன்.

நல்லது ஒன்று நடந்தது: தரை தெளிவாகத் தெரிகிறது. சரளை எங்கே முடிகிறது, கல் எங்கே தொடங்குகிறது என்பது கைக்கு வந்துவிடுகிறது. கெட்டது இரண்டு. கல் இடுக்கில் முன்பைவிட அடிக்கடி மாட்டுகிறது. ஜிக் கீழே இறங்கும்போது வரும் கடியும் குறைந்துவிட்டது. முன்பு பாதிக் கடி அப்படித்தான் வரும்.

டங்ஸ்டன் ஒன்றின் விலைக்கு ஈய ஜிக் பல வாங்கிவிடலாம். அதை வரிசையாகக் கல்லுக்குக் காணிக்கை கொடுக்க மனம் வரவில்லை. ஈயத்துக்கே போய்விடலாமா, இல்லை நான் எதையாவது மாற்ற வேண்டுமா?

பாசிமேடு

ஈயத்துக்குப் போகாதீர்கள். ஒருமுறை டங்ஸ்டனில் தரையை உணர்ந்துவிட்டால் ஈயம் மரத்துப்போன கை மாதிரி இருக்கும். மாட்டுவதெல்லாம் பழகினால் சரியாகிவிடும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதையாக ஜிக்கைக் குறை சொல்ல வேண்டாம் சகோ 😀

ஏரிக்கரையான்

கூடம் கோணல்தான் சகோ, அது உடைகல் கூடம். ஈய ஜிக்கோடு அதே கூடத்தில்தான் ஆடிக்கொண்டிருந்தேன்.

ஆழநீர்

பழகினால் சரியாகும் என்று விட்டுவிட முடியாது, அவர் சொல்லும் இரண்டு தொல்லைக்கும் காரணம் இருக்கிறது. அதற்கு முன் சில கேள்விகள். பழைய ஈயத் தலை என்ன வடிவம், புது டங்ஸ்டன் தலை என்ன வடிவம்? லைன் கட்டும் வளையம் தலையிலிருந்து நேர்செங்குத்தாக நிற்கிறதா, முன்பக்கம் சாய்ந்திருக்கிறதா? லைன் என்ன? முள்ளில் செருகும் ரப்பர் இரை, அந்த டிரெய்லர் எவ்வளவு பெரியது?

ஏரிக்கரையான்

ஈயம் ஃபுட்பால் தலை (அமெரிக்க ஃபுட்பால் மாதிரி நீள்உருண்டை), வளையம் செங்குத்து. டங்ஸ்டன் சின்ன உருண்டை மூக்கு, வளையம் கொஞ்சம் முன்னே சாய்ந்திருக்கிறது. அந்தக் கடையில் அதுதான் இருந்தது. லைன் இரண்டுக்கும் ஒன்றுதான், 15 பவுண்டு ஃப்ளோரோகார்பன். டிரெய்லர், முன்பு பெரிய நண்டு போட்டேன். டங்ஸ்டன் தலை சின்னதாக இருந்ததால் பொருத்தமாக இருக்கட்டும் என்று சின்ன டிரெய்லருக்கு மாறினேன். தலைக்குப் பின்னால் தொங்கும் நார்க்கொத்து, அந்த ஸ்கர்ட்டும் சின்னது.

ஆழநீர்

அப்படியானால் உலோகத்தோடு வடிவம், வளையக் கோணம், டிரெய்லர், ஸ்கர்ட் எல்லாமே மாறியிருக்கிறது. பழி முழுவதும் டங்ஸ்டன் மேல் விழுகிறது.

முதலில் மாட்டுவது. ஃபுட்பால் தலை குறுக்கே அகலமானது. இழுக்கும்போது கற்களின் மேல் உருண்டு தாண்டும், இடுக்குக்குள் அதன் உடம்பு எளிதில் நுழையாது. உருண்டை மூக்கு, அதுவும் சின்னது, இடுக்குக்குள் ஆணி அடித்த மாதிரி இறங்கும். உலோகத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம். சுத்த டங்ஸ்டன் 19.3. ஜிக்கில் வருவது டங்ஸ்டன் பொடியை வேறு உலோகத்தோடு சேர்த்து அழுத்திச் சூட்டில் இறுக்கியது, அதனால் 17, 18 என்று வைத்துக்கொள்ளலாம். அரை அவுன்ஸ் என்பது சுமார் 14 கிராம். அதை ஈயத்தில் உருண்டையாக்கினால் குறுக்களவு 13 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், டங்ஸ்டனில் 11.5 சொச்சம். கன அளவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது, ஆனால் குறுக்களவு 2 மில்லிமீட்டர்கூடக் குறையவில்லை. அட்டையில் பாதி அளவு என்று போட்டு விற்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அந்த 2 மில்லிமீட்டர் மட்டும் உங்களை இந்தப் பாடு படுத்தாது. வடிவத்துக்கும் வளையத்துக்கும்தான் பெரிய பங்கு.

வளையம் முன்னே சாய்ந்திருப்பது புல்லுக்கும் புதருக்கும் ஏற்றது, மூக்கு முதலில் புகுந்து வெளியே வரும். கல்லில் இழுத்துப் போக 90 டிகிரி வளையமுள்ள ஃபுட்பால்தான் சரி. டங்ஸ்டனிலேயே ஃபுட்பால் கிடைக்கிறது. அதை வாங்கிப் பாருங்கள்.

பாசிமேடு

சரி, வடிவம் மாறியதை நான் கவனிக்கவில்லை. ஆனால் இறங்கும்போது கடி குறைவதற்குக் காரணம் டங்ஸ்டன் வேகமாக விழுவதுதானே?

ஆழநீர்

வேகமாக விழும், ஆனால் எவ்வளவு என்பது தலைக்குப் பின்னால் என்ன தொங்குகிறது என்பதைப் பொறுத்தது. ஸ்கர்ட், டிரெய்லர் எதுவும் இல்லாத வெறும் உருண்டை என்றால், கணக்குப்படி அரை அவுன்ஸ் டங்ஸ்டன் அதே எடை ஈயத்தைவிட ஏறத்தாழ 17 சதவீதம் வேகமாக இறங்கும். தலை சின்னது, தண்ணீர் தடுக்கும் பரப்பு குறைவு. ஆனால் அடர்ந்த ஸ்கர்ட்டும் பெரிய நண்டும் மாட்டிவிட்டால் தண்ணீரைப் பிடித்து நிறுத்துவது அவைதான், தலை இல்லை. அப்போது வித்தியாசம் சில சதவீதத்துக்கு வந்துவிடும். கண்ணால் பார்த்தால்கூடத் தெரியாது.

ஏரிக்கரையான் விஷயத்தில் டிரெய்லர், ஸ்கர்ட் இரண்டையும் சிறிதாக்கிவிட்டார். வேகம் கூடியதற்கு முக்கியக் காரணம் அதுதான், டங்ஸ்டன் கூட வந்த துணை. இரண்டு வழி இருக்கிறது. பழைய பெரிய டிரெய்லரையே போடுங்கள். அல்லது சின்ன உருவம்தான் வேண்டும் என்றால் எடையை 3/8 அவுன்ஸுக்கு இறக்குங்கள். அரை அவுன்ஸ் ஈயம் இறங்கிய வேகத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். எடை குறைந்தாலும் தரை தெரிவது பெரிதாகக் குறையாது, ஏனென்றால் அந்த உணர்வில் பாதி கடினத்தால் வருகிறது.

கூழாங்கல்

அந்தக் கடின விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், புதியவர்கள் இதைத்தான் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஈயம் நகத்தால் கீறினாலே கோடு விழும் அளவு மெத்து. கல்லில் மோதும்போது மோதலின் ஒரு பகுதியைத் தலையே நசுங்கி வாங்கிக்கொள்கிறது. பழைய ஈய ஜிக்கின் மூக்கைப் பாருங்கள், பள்ளம் பள்ளமாக இருக்கும். டங்ஸ்டன் நசுங்காது, தட்டலை அப்படியே லைனுக்குக் கொடுத்துவிடும். கல்லில் படும்போது 'டக்' என்ற சத்தமும் கூர்மையாக வரும். அந்தச் சத்தம் மீனை இழுக்கிறது என்று சத்தியம் செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை, நமக்குத் தரை தெரிவதுதான் லாபம்.

ஆனால் இதெல்லாம் கல், சரளை, சிப்பித் தரை இருந்தால்தான். சேற்றுத் தரையில் எந்த உலோகம் போட்டாலும் புதைந்துதான் போகும். அங்கே டங்ஸ்டனுக்குக் காசு செலவழிப்பது வீண். அதேபோல நைலான் லைன் போட்டுக்கொண்டு டங்ஸ்டன் வாங்குவதிலும் அர்த்தமில்லை. நைலான் நீளும், தட்டலைப் பாதி வழியில் விழுங்கிவிடும். முதலில் ஃப்ளோரோகார்பன், அல்லது பிரெய்டும் (பின்னல் லைன்) அதன் முனையில் ஃப்ளோரோ துண்டும். அப்புறம் ராடு. கடைசியாகத்தான் உலோகம்.

தக்கைத்தம்பி

அண்ணே, நான் கரையிலிருந்து 4, 5 அடி ஆழத்தில்தான் போடுகிறேன். புல் ஓரம், மரக்கிளை. ஸ்விம் ஜிக்கும் உண்டு. எனக்கு டங்ஸ்டன் தேவையா?

கூழாங்கல்

ஸ்விம் ஜிக்குக்கு வேண்டாம் தம்பி. அது தரையைத் தொடவே போவதில்லை. நடுத்தண்ணீரில் நீந்துகிற ஜிக்குக்குத் தரை உணர்வு எதற்கு? ஈயமே போதும், தலை கொஞ்சம் பெரிதாக இருப்பது மேலே மிதந்து வரவும் உதவும். ஆழமில்லாத இடத்தில் மரக்கிளைக்கும் ஈயம் போதும், அங்கே ஜிக் தொலைவதும் அதிகம். முள் புல்லில் மாட்டாமல் காக்கும் வீட் கார்டு நார்கள் முள்முனையைச் சற்றுத் தாண்டி நிற்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். சிலர் நன்றாக முள் ஏறட்டும் என்று அதைக் கத்தரித்துக் கத்தரித்து ஒன்றுமில்லாமல் செய்துவிடுகிறார்கள்.

அடர்த்தியான புல் வேறு கதை. தண்ணீர் மேல் பாய் விரித்த மாதிரி புல் மூடியிருந்தால் அதைத் துளைத்துப் போக 1 அவுன்ஸ், அதற்கு மேலும் வேண்டும். அவ்வளவு ஈயம் என்றால் குண்டு பெரிதாகி மேலேயே உட்கார்ந்துவிடும். அங்கே டங்ஸ்டனுக்கு நிகரில்லை. நான் காசு பார்க்காமல் வாங்குவது அதற்கும் ஆழக்கல்லுக்கும் மட்டும்தான்.

நீர்க்காகம்

எல்லோரும் உணர்வு, வேகம் என்றே பேசுகிறீர்கள். சில இடங்களில் ஈயமா டங்ஸ்டனா என்பது நம் விருப்பமே இல்லை. அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயரில் 1 அவுன்ஸும் அதற்குக் குறைவான எடையும் உள்ள ஈயக் குண்டு, ஈய ஜிக் இரண்டுக்கும் தடை. மாசசூசெட்ஸ் உள்நாட்டு நீர்நிலைகளில் 1 அவுன்ஸுக்குக் குறைந்தவற்றுக்கு 2012 முதல் தடை. கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயம் கூடாது. மாநிலத்துக்கு மாநிலம் எடை வரம்பு மாறும். சில இடங்களில் குண்டுக்குத் தடை, ஜிக்குக்கு இல்லை. போகும் ஏரியின் விதியைப் பார்த்துவிட்டுப் பெட்டியை நிரப்புங்கள்.

காரணம் லூன் என்கிற நீர்ப்பறவை. இரையை அரைக்க அது அடியில் கிடக்கும் சிறு கற்களை விழுங்கும், கல்லோடு கல்லாக ஈயத்தையும் விழுங்கிவிடும். ஜிக் மாட்டிய மீனைத் தின்றாலும் உள்ளே போகும். அரைப்பையில் ஈயம் தேய்ந்து இரத்தத்தில் கலந்தால் ஒரே ஒரு ஜிக் போதும், பறவை பிழைப்பது அரிது. நியூ ஹாம்ஷயரில் செத்துக் கிடந்து ஆய்வுக்கு வந்த வளர்ந்த லூன்களில், சாவுக்கான காரணங்களில் முதலிடம் ஈயத்துக்குத்தான். ஏரிக்கரையான் 'கல்லுக்குக் காணிக்கை' என்றாரே, அந்தக் காணிக்கை அங்கேயேதான் கிடக்கும்.

பாசிமேடு

அதற்காக எல்லா ஈயத்தையும் தூக்கிப் போடச் சொல்கிறீர்களா?

நீர்க்காகம்

தடை இல்லாத இடத்தில் அது உங்கள் முடிவு. நான் அதிகம் தொலையும் சின்ன எடைகளை மட்டும் மாற்றிவிட்டேன். விலை உறுத்தினால் டங்ஸ்டன்தான் வேண்டும் என்றில்லை, பிஸ்மத், தகரம் என்று மலிவாக வேறும் உண்டு. தகரத்தின் அடர்த்தி 7.3தான், அதே எடைக்குத் தலை ஈயத்தைவிடப் பெரிதாக இருக்கும். மெதுவாக விழ வேண்டிய இடத்தில் அதுவே நல்லது. அப்புறம் ஒன்று, ஈயக் குண்டைப் பல்லால் கடித்து இறுக்கும் பழக்கம் யாருக்காவது இருந்தால் இன்றோடு விடுங்கள். ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடவும் வேண்டாம்.

ஏரிக்கரையான்

டங்ஸ்டன் ஃபுட்பால் 3/8 அவுன்ஸில் வாங்கி, பழைய பெரிய நண்டைப் போட்டுப் பார்த்தேன். மாட்டுவது ஈயத்தோடு இருந்த அளவுக்கு வந்துவிட்டது. இறங்கும்போது கடியும் திரும்பி வருகிறது, ஆனால் காற்று அடித்தால் 25 அடியில் ஜிக் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

இன்னொரு சிக்கல். முன்பு வாங்கிய உருண்டை மூக்கு டங்ஸ்டனில் ஒன்றில், தலை முள்ளின் மேல் லேசாகச் சுழல்கிறது. இப்படி ஆகுமா?

ஆழநீர்

காற்று நாளுக்கு அரை அவுன்ஸ் டங்ஸ்டன் ஃபுட்பால் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், பெரிய நண்டோடு. 3/8 அமைதியான நாளுக்கு.

தலை சுழல்வது டங்ஸ்டனின் தனி நோய். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும், அதனால் முள்ளை அச்சில் வைத்து அதைச் சுற்றியே வார்த்துவிடுகிறார்கள். டங்ஸ்டன் உருக 3,400 டிகிரிக்கு மேல் வேண்டும், அந்தச் சூட்டுக்கு முள் எங்கே தாங்கும்? தலையைத் தனியாகச் செய்து, துளையில் முள்ளைச் செருகிப் பசையாலோ பற்றவைத்தோ பிடிக்க வைக்கிறார்கள். அந்தப் பிடிப்பு மோசமாக இருந்தால் ஆடும். வாங்கும்போதே தலையை ஒரு கையிலும் முள் வளைவை மறு கையிலும் பிடித்துத் திருகிப் பாருங்கள். துளி அசைந்தாலும் வேண்டாம். உங்களிடம் இருப்பதில் இடுக்கைக் காயவைத்து மெல்லிய எப்பாக்சி இறக்கி ஒரு நாள் விடுங்கள். ஆழமில்லாத இடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பெரிய மீன் வரும் இடத்தில் நம்ப வேண்டாம்.

தக்கைத்தம்பி

பெயின்ட் உரிந்துபோன டங்ஸ்டன் தலைக்கு, ஈயத்துக்குச் செய்வது போலச் சூடாக்கிப் பவுடர் பெயின்ட் போடலாமா அண்ணே?

ஆழநீர்

பசை வைத்த தலை என்றால் கூடாது தம்பி. சூட்டில் பசை இளகி, இவர் கதைதான் உனக்கும். ஒட்டுமுறை என்னவென்று தெரியாவிட்டாலும் சூடு காட்டாதே. நகப்பூச்சு இரண்டு கை பூசி, மேலே எப்பாக்சி ஒரு பூச்சு. வளையத்துளை அடைபடாமல் ஊசியால் குத்திவிடு.