பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடும் புது டீசல் எஸ்யூவி: ஆரஞ்சு விளக்கு ஏன் வருகிறது?

தஞ்சை டீச்சர்:

வணக்கம். போன ஆவணியில் ஏழு பேர் உட்காரும் டீசல் எஸ்யூவி எடுத்தோம். கியர் வண்டி. எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கார் இதுதான். இன்றைக்கு மீட்டரில் 1,940 கிலோமீட்டர். அதற்குள் இரண்டாவது தடவையாக டேஷ்போர்டில் அந்த ஆரஞ்சு விளக்கு எரிகிறது. சைலன்சர் படத்துக்குள் புள்ளி புள்ளியாக இருக்குமே, அது.

முதல் தடவை கார்த்திகையில் வந்தது. சர்வீஸில் விட்டோம். கம்ப்யூட்டரை மாட்டி, நின்ற இடத்திலேயே அரை மணி நேரம் இன்ஜினை முறுக்கிவிட்டு, "எரிச்சுட்டோம் மேடம், இனிமே ஹைவேல ஓட்டுங்க" என்று சாவியைக் கொடுத்தார்கள். எதை எரித்தார்கள், ஹைவேயில் எவ்வளவு தூரம், என்ன வேகம் என்று கேட்டால் பதில் இல்லை. பதினைந்து லட்சத்துக்கு மேல் போட்டு, ஏழு வருடத் தவணையில் வாங்கிய வண்டி. இவ்வளவாவது விளக்கிச் சொல்லியிருக்கலாம் என்று எனக்கு வருத்தம்தான்.

எங்கள் ஓட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். வீடு மெடிக்கல் காலேஜ் ரோடு பக்கம். பள்ளிக்கூடம் மூன்றரை கிலோமீட்டர். காலையில் போனால் மாலையில் வருவேன். வேளாங்கண்ணிக்கு ஒரு தடவை, மதுரைக்கு ஒரு தடவை போனோம். மற்றபடி டவுனுக்குள்தான்.

அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 34 வருடம் லாரி ஓட்டியவர். நெல் மூட்டை, அரிசி லோடு. இப்போது 71 வயது. தினமும் விடியற்காலை ஐந்தரைக்கு வண்டியைத் துடைத்து, ஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பார். அவருக்கு அது பூஜை மாதிரி. போன சனிக்கிழமை ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தார். இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தார், மோந்தார். "டீசல் வாடை அடிக்குதும்மா. ஆயில் கோட்டுக்கு மேல ஏறி நிக்குது" என்றார். சர்வீஸில் போனில் கேட்டால், ஆயில் குறையுமே தவிர ஏறாது என்கிறார்கள். எனக்கு அப்பாவின் மூக்கு மேல்தான் நம்பிக்கை.

விளக்கு ஏன் வருகிறது? ஆயில் ஏறுமா? அப்பா காலையில் ஸ்டார்ட் செய்வது நல்லதா, கெட்டதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இன்னொன்று, டீசல் மூடிக்குப் பக்கத்தில் நீல மூடி ஒன்று இருக்கிறது. அதில் ஊற்றுவது யூரியாத் தண்ணீர்தான் என்று யாரோ சொல்லப்போய், வயலுக்கு வாங்கிய யூரியாவைக் கரைத்து ஊற்றலாமா என்று சித்தப்பா கேட்கிறார்.

திருச்சி ரைடர்:

சிஸ்டர், என் நண்பர் வண்டிக்கும் இதே தொல்லை. கடைசியில் சைலன்சர் லைனில் இருக்கும் கரி ஃபில்டரையே எடுத்துவிட்டு, இன்ஜின் கம்ப்யூட்டரின் மேப்பையும் மாற்றிவிட்டார். ஒரு வருடமாக விளக்கு வரவில்லை, பிக்கப்பும் கூடியிருக்கிறது. திருச்சியில் செய்து கொடுக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள்.

மன்னை விவசாயி:

எனக்கும் டீசல் எஸ்யூவிதான். விளக்கு வந்ததில்லை, ஆனால் ஒரு சங்கதி. போன வருசம் அறுப்பு நேரம். மன்னார்குடியிலிருந்து வயலுக்கு வந்து, வைக்கோல் கிடந்த களத்து ஓரமா நிறுத்தினேன். இன்ஜினை அணைச்ச பிறகும் காத்தாடி சத்தம் போட்டுக்கிட்டே இருந்துச்சு. அஞ்சு நிமிசத்துல கருகின வாடை. குனிஞ்சு பார்த்தா அடியில சொருகியிருந்த வைக்கோல்ல புகை. நல்லவேளை, போர்செட் பக்கத்துல இருந்துச்சு, தண்ணி அள்ளி அடிச்சோம். இதுக்கும் டீச்சர் சொல்ற ஃபில்டருக்கும் சம்பந்தம் உண்டா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

அறுப்பு முடிஞ்சா வயல் எலியெல்லாம் வீட்டுப் பக்கம் வரும், டீச்சர். ராத்திரி பானெட்டுக்குள்ள சூடா இருக்கும், வந்து உக்காந்துக்கும். எனக்கு ஒரு வயர் கொத்தே போச்சு. தினமும் அப்பா துடைக்கிறப்ப பானெட்டைத் திறந்து ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்க. புழுக்கை கிடந்தா உடனே தெரிஞ்சிரும்.

நாமக்கல் பம்ப் பட்டறை:

டீச்சர், நான் நாமக்கல்ல டீசல் பம்ப் பட்டறை வச்சிருக்கேனுங்க. 27 வருசம். முதல்ல லாரி பம்ப், நாசில். இப்போ புது டீசல் வண்டியில வர்ற காமன் ரெயில் பம்ப் வேலைதான் ஜாஸ்தி. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க. அப்பாவுக்கும் படிச்சுக் காட்டுங்க.

முதல்ல அப்பா சொன்னதுதான் சரி. ஆயில் ஏறும். மோந்து பார்த்து டீசல்னு சொன்னாரு பாருங்க, அது அனுபவம். எப்படி ஏறுதுன்னு சொல்றேன்.

டீசல் எரிஞ்சா கரி வரும். பிஎஸ்4 புகை விதி இருந்தப்போ சாதாரண டீசல் காரு கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் தூசி வரைக்கும் விடலாம். 2020 ஏப்ரல் 1ல பிஎஸ்6 வந்துச்சு, அது 4.5 மில்லிகிராமா இறங்கிருச்சு. அவ்வளவு கரியைத் தடுக்க சைலன்சர் லைன்ல டிபிஎஃப்னு ஒரு கரி ஃபில்டர் வச்சாங்க. பீங்கான்ல செஞ்ச தேன்கூடு மாதிரி இருக்கும். ஒரு ஓட்டை இந்தப் பக்கம் அடைப்பு, அடுத்த ஓட்டை அந்தப் பக்கம் அடைப்பு. புகை சுவத்துக்குள்ள புகுந்துதான் வெளிய போகணும், கரி உள்ளயே தங்கிரும். உங்க டேஷ்போர்டு படத்துல இருக்கற புள்ளி அதுதானுங்க.

தங்கின கரியை எரிக்கணும். அதுக்கு 600 டிகிரி போல சூடு வேணும். மூணரை கிலோமீட்டர் ஓட்டத்துல இன்ஜினே முழுசா சூடேறாது, சைலன்சர்ல அந்தச் சூடு எங்கிருந்து வரும்? அதனால கரி ஒரு அளவு சேர்ந்ததும் வண்டி தானா ஒரு வேலை செய்யும். சிலிண்டர்ல எரிஞ்சு முடிஞ்ச பிறகு இன்னும் கொஞ்சம் டீசலைப் பீச்சும். அந்த டீசல் எரியாம சைலன்சர் பக்கம் போய், டிபிஎஃபுக்கு முன்னாடி இருக்கற கேட்டலிஸ்ட்ல எரிஞ்சு சூட்டை ஏத்தும். கரி எரிஞ்சு வாயுவா வெளிய போயிரும். முழுசா முடிய 15, 20 நிமிசம் ஓட்டம் வேணும். நீங்க என்ன பண்றீங்க? அது எரிக்க ஆரம்பிச்ச நேரத்துல பள்ளிக்கூட வாசல்ல சாவியைத் திருப்பிடறீங்க. சாயங்காலம் மறுபடி ஆரம்பிக்கும், வீட்டு வாசல்ல மறுபடி நின்னுரும். ஒவ்வொரு தடவையும் பீச்சின டீசல்ல கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியா பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயில் சட்டிக்கு இறங்குது. அதுதான் அப்பா விரல்ல பட்டது. உங்க மேல தப்பு இல்லீங்க, வண்டியிலயும் கோளாறு இல்ல. ரெண்டுக்கும் நேரம் ஒத்து வரல.

கோட்டுக்கு மேல ஏறின ஆயிலை வச்சு ஓட்டாதீங்க. டீசல் கலந்த ஆயில் தண்ணியா போயிரும், டர்போவுக்கும் பேரிங்குக்கும் பிடிமானம் இருக்காது. 10,000 வரட்டும்னு காத்திருக்காம இப்பவே மாத்தச் சொல்லுங்க. என்ன கிரேடுன்னு வண்டியோட கொடுத்த புத்தகத்துல போட்டிருக்கும், அதுதான் ஊத்தணும். சாம்பல் கம்மியா விடற ஆயில் அது. கரியை எரிக்கலாம், ஆயில்ல இருந்து வர்ற சாம்பலை எரிக்க முடியாது, ஃபில்டர்லயே நிரந்தரமா உக்காந்துக்கும். அதனால பட்டறையில கையில கிடைச்ச ஆயிலை ஊத்த விடாதீங்க.

இப்போ காலைல ஸ்டார்ட் பண்றது. இதை அப்பாகிட்ட எப்படிச் சொல்லணும்னா, அவர் ஓட்டின லாரிக்கு அது சரிங்க. ராத்திரி நின்ன லாரியில ஏர் இறங்கிரும். மீட்டர் முள்ளு ஏறுற வரைக்கும் பிரேக் கிடையாது. அதனால விடியக்காலைல ஓடவிட்டே ஆகணும், அது டிரைவர் தர்மம். உங்க காருல ஏர் பிரேக் இல்லீங்க, ஏற வேண்டியது ஒண்ணும் இல்ல. நின்ன இடத்துல பத்து நிமிசம் ஓடினா குளிர்ந்த புகைதான் போகும், கரி மட்டும் சேரும். ஸ்டார்ட் பண்ணி அரை நிமிசத்துல கிளம்பலாம், முதல் ரெண்டு மூணு கிலோமீட்டர் மிதிக்காம மெதுவா போனா போதும். ஆனா அவர்கிட்ட இருந்து இந்த வேலையைப் பிடுங்காதீங்க. வேற வேலை குடுங்க: வாரம் ஒருநாள் ஆயில் குச்சி, கூலண்ட் மட்டம், ஓட்டறதுக்கு முன்னாடி ஆறின டயர்ல காத்து. டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தா தூண்ல ஸ்டிக்கர் இருக்கும், எத்தனை பேர் ஏறினா எவ்வளவு காத்துன்னு. இந்தக் கண்ணு இருக்கற ஆளு வீட்ல இருந்தா வண்டி பிழைச்சுக்கும்.

வாரம் ஒரு தடவை, ஞாயித்துக்கிழமைன்னு வச்சுக்குங்க, வல்லம் தாண்டி செங்கிப்பட்டி வரைக்கும் போய்ட்டு வாங்க. நாலு வழி ரோடு, நிக்காம போகலாம். பறக்க வேண்டாம், 60, 70 போதும். நாலாவது கியர்ல ஆர்பிஎம் 2,000க்கு மேல நிக்கணும், அதுதான் முக்கியம். ஆறாவது கியர்ல 1,400ல போனா சூடு வராது. டீசல் கால் டேங்குக்கு மேல இருக்கட்டும், ரிசர்வ்ல இருந்தா பல வண்டி எரிக்கவே ஆரம்பிக்காது. எரிக்கறப்போ தெரியும்: ஐடில் வழக்கத்தை விட ஏறி நிக்கும், காத்தாடி சத்தம் பெருசா இருக்கும், மைலேஜ் முள்ளு சடார்னு இறங்கும், சூட்டு வாடை வரும். அப்போ வீடு வந்துட்டாலும் அணைக்காதீங்க, இன்னொரு சுத்து போங்க. ஓட்டியும் விளக்கு அணையலைன்னாலோ, இன்ஜின் விளக்கும் சேர்ந்து வந்து வண்டி இழுக்கலைன்னாலோ அதுக்கு மேல முயற்சி பண்ண வேண்டாம், நேரா சர்வீஸ்.

மன்னை அண்ணே, நீங்க கேட்டது இதேதான். வயலுக்கு வர்ற வழியில எரிக்க ஆரம்பிச்சிருக்கு, பாதியில அணைச்சுட்டீங்க. டிபிஎஃப் அவ்வளவு சூட்டோட வைக்கோல் மேல உக்காந்திருக்கு. தஞ்சாவூர்ப் பக்கம் தை மாசம் ரோட்டுலயே வைக்கோல் காயும். டீச்சர், அதுமேல ஏத்தினா இறங்கி அடியில ஒரு தடவை பாருங்க. நிறுத்தறதுன்னா வெறும் தரையில மட்டும்.

சித்தப்பாகிட்ட வேண்டவே வேண்டாம்னு சொல்லிருங்க. நீல மூடியில ஊத்தறது 32.5 சதவீதம் சுத்தமான யூரியா, மீதி உப்பில்லாத தண்ணி. புகையில இருக்கற நைட்ரஜன் ஆக்சைடை அது சாதாரண நைட்ரஜனாவும் தண்ணியாவும் மாத்தும். வயல் யூரியாவுல வேப்பெண்ணெய் பூசியிருக்கு, நம்ம தண்ணியில உப்பு. ரெண்டும் சேர்ந்தா நாசில் அடைச்சு, கேட்டலிஸ்டும் போயிரும். கேன்ல ஐஎஸ்ஓ 22241னு இருக்கறதைப் பார்த்து வாங்குங்க. அவசரத்துல இதை டீசல் டேங்குல ஊத்திட்டீங்கன்னா ஸ்டார்ட் பண்ணவே கூடாது. எங்க பட்டறைக்கு அப்படி வந்த லாரி உண்டு. பம்ப், ரெயில், நாசில் எல்லாத்தையும் கழட்ட வேண்டி வந்துச்சு.

திருச்சித் தம்பி, உங்க நண்பருக்கு இப்போ நிம்மதியா இருக்கலாம். ஆனா வாரண்டி போச்சு, சட்டப்படியும் தப்பு. என் பட்டறைக்கும் கேட்டு வர்றாங்க, நான் தொடறதில்லீங்க. டீச்சர் வண்டி பள்ளிக்கூட வாசல்ல நிக்குது. அந்தப் புகை எந்த உசரத்துல போகும்னு நினைச்சுப் பாருங்க, அஞ்சாவது படிக்கற புள்ளை மூக்கு உசரம் அது.

ஒளிவில்லாமச் சொல்றேன் டீச்சர், வாங்கறதுக்கு முன்னாடி கேட்டிருந்தா தினம் ஏழு கிலோமீட்டருக்குப் பெட்ரோல்னுதான் சொல்லியிருப்பேன். அதுக்காக விக்க வேண்டாம். நான் சொன்ன மாதிரி ஓட்டினா நல்லாவே ஓடும்.

தஞ்சை டீச்சர்:

அண்ணா, எழுதியதை அப்படியே அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஏர் பிரேக் பற்றிய இடத்தை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். "இந்த ஆளு வண்டி தெரிஞ்சவன்" என்றார்.

திங்கட்கிழமை ஆயில் மாற்றினோம். பழைய ஆயிலை அளக்கச் சொல்லி அப்பா பக்கத்திலேயே நின்றார். புத்தகத்தில் போட்டிருந்த அளவை விட முக்கால் லிட்டர் கூட வந்தது. அங்கிருந்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் செங்கிப்பட்டி போனோம். அப்பா முன் சீட்டில் உட்கார்ந்து ஆர்பிஎம் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். வல்லம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சூட்டு வாடை வந்தது. எனக்குப் பயம். "ஓட்டும்மா, எரியுது, நல்லா எரியட்டும்" என்றார். செங்கிப்பட்டியில் டீக்கு நிறுத்தலாம் என்றேன், விடவில்லை. திரும்பி வரும்போது வல்லத்துக்கு முன்னாலேயே விளக்கு அணைந்துவிட்டது. வீட்டு வாசலில் ஒரு நிமிடம் ஓடவிட்டுத்தான் அணைக்கச் சொன்னார், டர்போ ஆறணுமாம். இது லாரியில் கற்றது, காருக்கும் பொருந்துமா?

இன்னொன்று கேட்கச் சொன்னார். ஆயில் குச்சியைக் காலையில் ஆறியிருக்கும்போது பார்ப்பதா, ஓட்டி வந்த பிறகா?

நாமக்கல் பம்ப் பட்டறை:

ரொம்ப சந்தோசமுங்க. டர்போ விஷயம் காருக்கும் பொருந்தும், நீளமா ஓட்டி வந்தா ஒரு நிமிசம் விட்டு அணைங்க.

ஆயில் குச்சிக்கு உங்க புத்தகத்துல என்ன போட்டிருக்கோ அதுதான் கணக்கு. பொதுவா சமமான தரையில நிறுத்தி, அணைச்சுப் பத்து நிமிசம் விட்டு, துடைச்சு ஒரு தடவை சொருகி எடுத்துப் பாக்கறது. எந்த முறையா இருந்தாலும் ஒவ்வொரு வாரமும் அதே இடம், அதே நேரமா இருக்கட்டும். ஒரு நோட்டுல தேதி, கிலோமீட்டர், மட்டம் மூணும் எழுதி வைக்கச் சொல்லுங்க. நாலு வாரம் கழிச்சு அந்த நோட்டை போட்டோ எடுத்து இங்க போடுங்க, பார்த்துச் சொல்றேன்.