குழு ஓட்டத்தில் 2 கிலோமீட்டரிலேயே விலா பிடித்துக்கொள்கிறது, வழி சொல்லுங்கள்

பெங்களூர் அல்சூரில் இருக்கிறேன், வயது 36, ஓட ஆரம்பித்து 3 மாதம். ஏரிப் பக்கம் தனியாக ஓடினால் கிலோமீட்டருக்கு 8 நிமிடம் என்ற கணக்கில் 4 கிலோமீட்டர் நிற்காமல் வந்துவிடும்.

போன ஞாயிறு காலை 6 மணிக்கு கப்பன் பார்க்கில் ஒரு குழுவோடு முதல்முறையாக ஓடினேன். எல்லோரும் பேசிக்கொண்டே கிளம்பியதில் நானும் அவர்கள் வேகத்திலேயே போய்விட்டேன், கடிகாரத்தைப் பார்த்தால் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 40 விநாடி வேகம். சரியாக 2 கிலோமீட்டரில் வலது விலாவுக்குக் கீழே ஊசி குத்துவதுபோல் வலி, மூச்சை இழுக்கவே முடியவில்லை. மூங்கில் புதர் ஓரமாகக் குனிந்து நின்றேன். ஒரு அக்கா தன் ஓட்டத்தை விட்டுவிட்டு எனக்காக நின்று, விலாவை அழுத்திப் பிடித்து மெதுவாக மூச்சை விடச் சொன்னார். அந்த அன்புக்காகவே மறுபடி போகணும்.

அன்று கிளம்பும் முன் அரை மணி நேரத்தில் 2 இட்லி, ஒரு டம்ளர் காபி. அதனால்தானோ என்று புதன்கிழமை வெறும் வயிற்றில், 10 நிமிடம் வேகமாக நடந்து உடம்பைச் சூடாக்கிவிட்டு அதே வேகத்தில் தனியாக ஓடிப் பார்த்தேன், வலி அதே இடத்தில்தான். வெள்ளிக்கிழமை என் பழைய 8 நிமிட வேகத்தில் ஓடினேன், ஒன்றுமே இல்லை. நெஞ்சு வலி, தலைசுற்றல் எதுவும் கிடையாது, ஷூவும் சரியாகவே இருக்கிறது.

வரும் ஞாயிறு குழுவின் கடைசியில் என் வேகத்திலேயே ஓடலாமா, இல்லை 5 கிலோமீட்டர் தனியாக முடிக்கும்வரை பொறுத்துவிட்டு அப்புறம் சேருவது நல்லதா?