வெள்ளைப்புள்ளி நோய் வந்த மீன் தொட்டியில் உப்பு போட்ட அனுபவம்

கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீடு, ஹாலில் இரண்டடி மீன் தொட்டி. நியான் டெட்ரா பன்னிரண்டு, கோரி என்கிற குட்டிக் கெளுத்தி ஐந்து, கிளவுன் லோச் இரண்டு, கொஞ்சம் கப்பி, ஒரு மரக்கட்டையில் ஜாவா மாஸ் என்கிற பாசி. தீபாவளிக்கு முந்தின வாரம் இன்னும் ஆறு நியான் வாங்கி வந்து, பையை அரை மணி நேரம் மிதக்கவிட்டு நேராகத் தொட்டியில் விட்டேன். ஐந்தாம் நாள் காலையில் லோச்சின் கறுப்புப் பட்டை மேல் ரவை தூவினது மாதிரி வெள்ளைப் புள்ளிகள். சாயங்காலத்துக்குள் நியான்களின் வாலிலும் வந்துவிட்டது. மீன்கள் கட்டையில் போய் உடம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தன.

மீன் வாங்கிய கடையில் கேட்டேன், "கல்லுப்பு ரெண்டு மூணு பிடி போடுங்க, சரியாயிடும்" என்றார் தவுக்கே, கடை முதலாளி. அப்படியே செய்தேன். மூன்று பிடி, கரைக்காமல், மேலிருந்து. கற்கள் மணலில் போய்ப் படிந்தன. கோரி எப்போதும் மணலை மோந்து மோந்து போகிற மீன், மீசை நேராக அந்த உப்பின் மேல் பட்டது. ஒன்று அப்படியே துள்ளி மேலே போய்க் காற்றைக் குடித்தது, இறங்கியது, மறுபடியும் மேலே போனது. கோரி அவ்வப்போது மேலே வந்து காற்று குடிப்பது சகஜம்தான், ஆனால் நிமிடத்துக்கு நாலைந்து தடவை போனால் அது வலி. ராத்திரிக்குள் இரண்டு கோரி போய்விட்டன. உடம்பின் வழவழப்பு நூல் நூலாக உரிந்து தொங்கியதை இன்னும் மறக்க முடியவில்லை.

அன்றைக்கே பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சமையலறைத் தராசில் என் கைப்பிடி ஒன்று 60 கிராம் வந்தது, ஆக மூன்று பிடி 180 கிராம். தொட்டி அளவுப்படி 72 லிட்டர் என்றாலும் மணல், கட்டை, மேலே விட்ட இடைவெளி எல்லாம் போக உண்மையான தண்ணீர் 55 லிட்டர்தான். லிட்டருக்கு 3 கிராமுக்கு மேல், அதுவும் ஒரே நொடியில்! கப்பி தாங்கும், மோலி தாங்கும். கோரியும் லோச்சும் திடீர் உப்பைத் தாங்காது. கடைக்காரர் என் தொட்டியில் என்ன மீன் இருக்கிறது என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இரண்டு நாள் தண்ணீர் மாற்றி உப்பைக் குறைத்த பிறகு புதிதாக ஆரம்பித்தேன். லிட்டருக்கு 2 கிராம் என்று வைத்து 110 கிராம் நிறுத்து, மூன்று பங்காக்கி, ஒவ்வொரு பங்கையும் வாளியில் தொட்டித் தண்ணீரிலேயே கரைத்து, ஃபில்டர் தண்ணீர் விழுகிற இடத்தில் மெதுவாக ஊற்றினேன், ஒரு பங்குக்கும் அடுத்ததுக்கும் நடுவில் அரை நாள். நம் ஊரில் தண்ணீர் சும்மாவே 28 டிகிரி இருக்கும், ஹீட்டர் வைத்து 30 ஆக்கினேன். சூடு ஏறினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும் என்பதால் காற்றுக் குமிழி விடுகிற ஏர் ஸ்டோன் ஒன்று கூடுதலாகப் போட்டேன்.

எல்லோரும் தவறவிடுகிற விஷயம் இதுதான்: மீன் மேல் தெரிகிற புள்ளிக்குள் இருக்கும் ஒட்டுண்ணியை உப்பும் தொடாது, மருந்தும் தொடாது. அது தோலுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. முற்றியதும் உதிர்ந்து மணலில் ஒட்டி, கூடு கட்டி, அங்கே நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பெருகி வெளியே நீந்தி வரும். அவை மீனைத் தேடி நீந்துகிற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் உப்பு வேலை செய்யும். சூடு ஏற்றுவதும் புள்ளி சீக்கிரம் உதிரத்தான். ஆறாம் நாள் ஒரு புள்ளிகூடக் கண்ணில் படவில்லை, ஆனாலும் நிறுத்தாமல் 14 நாள் வைத்திருந்தேன். ஜாவா மாஸ் பழுப்பாகிவிட்டது, அது மறுபடி வளரும். மீதி மூன்று கோரியும் இரண்டு லோச்சும் பிழைத்தன.

உப்பு ஆவியாகாது. தண்ணீர் வற்றினால் வெறும் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் ஊற்றினால் ஏறிக்கொண்டே போகும். ஃபில்டரில் கார்பன் போட்டாலும் உப்பு போகாது, தண்ணீர் மாற்றினால்தான் போகும். கால் பங்கு வீதம் நான்கு தடவை மாற்றிய பிறகுகூட லிட்டருக்கு 0.6 கிராம் மிச்சம் இருக்கும், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

*

அண்ணன் எழுதியதைப் படித்ததும் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பினாங்கு, பாயான் லெப்பாஸ். என் பிளாட்டி ஒன்றுக்கு வாயைச் சுற்றிப் பஞ்சு மாதிரி வெள்ளை. பூஞ்சை என்று நினைத்து உப்பு போட்டு, வெள்ளைப்புள்ளிக்குச் செய்வது போலவே 31 டிகிரி வரை சூடும் ஏற்றினேன். மறுநாள் காலை மூன்று பிளாட்டி மிதந்தன, இன்னும் இரண்டின் முதுகில் சேணம் போட்டது மாதிரி சாம்பல் நிறத் திட்டு. அது பூஞ்சையே இல்லை, காலம்னாரிஸ் என்கிற பாக்டீரியா. அதற்குச் சூடு என்றால் கொண்டாட்டம், நான்தான் வளர்த்துவிட்டேன். ஹீட்டரைக் கழற்றி, விசிறியை வைத்து 27க்கு இறக்கி, நோயுற்றவற்றைத் தனி டப்பாவில் நைட்ரோஃபியூராசோன் என்கிற பாக்டீரியா மருந்து உள்ள மஞ்சள் பவுடரில் போட்டேன். ஒன்றுதான் மிஞ்சியது. தயவுசெய்து உப்புப் பொட்டலத்தைப் பிரிக்கும் முன் கைப்பேசி விளக்கை அடித்து ஒரு ஐந்து நிமிடம் மீனைப் பாருங்கள். தனித்தனி மணியாக மேடாக இருந்தால் வெள்ளைப்புள்ளி, தட்டையான திட்டாகவோ என் பிளாட்டி மாதிரி வாயைச் சுற்றிப் பஞ்சாகவோ இருந்தால் பாக்டீரியாவைச் சந்தேகிக்கணும், நூல் நூலாக நீட்டிக்கொண்டு நின்றால் பூஞ்சை.

*

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து. என் வீட்டில் உப்பு காப்பாற்றியது நோயிலிருந்து இல்லை. ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டேன், குளோரினில், மீன் கழிவைச் சுத்தம் பண்ணுகிற நல்ல பாக்டீரியா செத்து, நாலு நாளில் நைட்ரைட் என்கிற விஷம் ஏறி மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்தில் போய் ஆக்சிஜன் சுமக்கவிடாமல் செய்கிறது. உப்பில் இருக்கிற குளோரைடு அதே வாசலில் முந்திக்கொண்டு நுழைவதால் நைட்ரைட் உள்ளே போவது குறையும். இதற்கு லிட்டருக்கு அரை கிராம் போதும், கோரி இருந்தாலும் பயமில்லை. கூடவே தினமும் தண்ணீர் மாற்றினேன், தீனியை நிறுத்தினேன்.

*

செந்தூல்தான் மறுபடியும். அயோடின் உப்பு விஷமா என்று ஒரு தங்கை தனியாகக் கேட்டிருந்தார். அதில் இருக்கிற அயோடின் ரொம்பக் குறைவு, அவசரத்துக்கு அதையே போடலாம். எப்சம் உப்பு மட்டும் வேறு, அது மக்னீசியம் சல்ஃபேட், வயிறு உப்பினால் கொடுப்பது, வெள்ளைப்புள்ளிக்கு ஆகாது. இப்போது புது மீன் எதுவாக இருந்தாலும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் மூன்று வாரம் இருந்த பிறகுதான் ஹாலுக்கு வருகிறது. அந்தப் பெட்டியைப் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், 15 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன்.