மறு: லியூக்கோ சாயம் – நிறமிலியா, வேறு சொல்லா?

அன்புடையீர்,

பாய் இழைக்கிறவர்களுக்கான சாயப் பாதுகாப்புக் கையேட்டின் வரைவைப் பார்த்துக் கருத்துச் சொன்ன எல்லோருக்கும் நன்றி. முதலில் சின்ன விசயத்தை, மலக்கைட்டுப் பச்சை என்ற சாயத்தின் பெயரை, முடித்துவிடுகிறேன்.

> மலக்கைட்டு செம்புக் கனிமம்தானே? ‘செம்புப் பச்சை’ என்றே வைக்கலாமே.

கல்லில்தான் செம்பு. சாயத்தில் மருந்துக்கும் செம்பு இல்லை. கல்லின் நிறத்தைப் பார்த்து வைத்த பெயர் அது. செம்பு என்று எழுதினால் வாசிக்கிறவர் இல்லாத நஞ்சுக்குப் பயந்து, இருக்கிற நஞ்சை விட்டுவிடுவார். ‘மலக்கைட்டுப் பச்சை’ அப்படியே இருக்கட்டும்.

எனக்கு இடிக்கிறது லியூக்கோதான், அதாவது ஐதரசன் ஏறித் தன் நிறத்தை இழந்த சாய வடிவம்.

> லியூக்கோ என்றால் வெண்மை. வெண்சாயம் அல்லது நிறமிலிச் சாயம்.

வெண்சாயம் என்று போட்டால், மூதூர்ப் பக்கம் பன்பாய் இழைக்கிற அக்காமார் வெள்ளைச் சாயமும் வந்திருக்கிறதாக்கும் என்று கடையில் போய்க் கேட்பார்கள். நிறமிலி பரவாயில்லை. ஆனால் அவுரியை என்ன செய்வது? அவுரியின் லியூக்கோ வடிவம் தொட்டிக்குள் மஞ்சட்பச்சையாக நிற்கிறது. துணியை வெளியே எடுத்துக் காற்றுப் பட்ட பிறகுதான் நீலம் ஏறும். நிறமுள்ள ஒன்றை நிறமிலி என்று எப்படிச் சொல்வது?

அதைவிடப் பெரிய சிக்கல், மலக்கைட்டுப் பச்சைக்கே நிறமற்ற வடிவங்கள் இரண்டு. சாய வாளிக்குள் கடுங்காரத்தைக் கொட்டினால் பச்சை மறைந்துபோகும். சாயம் முறிந்துவிட்டது என்று நினைத்துத்தான் பலர் வாய்க்காலில் ஊற்றுகிறார்கள். அது காபினோல் வடிவம். கொஞ்சம் அமிலம் சேர்ந்தால் பச்சை திரும்பி வரும். லியூக்கோ வேறு. அது ஐதரசன் ஏறித் தாழ்த்தப்பட்டது, ஒட்சியேற்றினால்தான் திரும்பும். இரண்டையும் நிறமிலி என்ற ஒரே சொல்லுக்குள் போட்டால் கையேடு குழம்பிவிடும்.

பாய்க்குச் சாயம் போடுகிறவருக்கு இது எதற்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. தம்பலகாமக் குடாவிலும் கொட்டியாரக் குடாவிலும் சாயத்தண்ணீர் சேரக்கூடாது என்று எழுதியிருக்கிறோம், காரணம் சொல்லவில்லை. இந்தச் சாயத்தை மீன் வளர்ப்பில் பூஞ்சணத்துக்கு நெடுங்காலம் மருந்தாகவும் பாவித்தார்கள். மீனின் உடம்புக்குள் போனதும் அது பெரும்பாலும் லியூக்கோவாக மாறிக் கொழுப்பில் தங்கிவிடும், கெதியாய் வெளியேறாது. மீனை வெட்டிப் பார்த்தால் பச்சை தெரியவே தெரியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 நவம்பர் முதல் மீனில் கிலோவுக்கு 0.5 மைக்கிரோகிராம் என்ற எல்லையை வைத்திருக்கிறார்கள். சாயத்தையும் லியூக்கோவையும் கூட்டித்தான் அந்தக் கணக்கு. ஆகவே கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் உள்ளே இருக்கிறது என்பது சொல்லிலேயே வரவேண்டும்.

என் முன்மொழிவு: கரந்த சாயம், அதாவது ஒளிந்திருக்கிற சாயம்.

திருகோணமலை, உப்புவெளியிலிருந்து

---

ஐயா,

‘கரந்த’ அழகுதான், ஆனால் புலவர் வாடை அடிக்கிறது. ‘ஒடுங்கிய சாயம்’ எப்படி? ஒடுக்கம் என்ற வேதியியல் பொருளும் உள்ளே வந்துவிடுகிறதே.

சென்னையிலிருந்து

---

வணக்கம்.

சென்னை அண்ணாவுக்கு: உங்கள் ஒடுக்கம் எங்களுக்குத் தாழ்த்தல். இங்கே பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் அப்படித்தான் படிக்கிறார்கள். ‘ஒடுங்கிய சாயம்’ என்று கரும்பலகையில் எழுதினால், சாயப்பேணி நசுங்கிவிட்டதா சேர் என்று கேட்பார்கள்.

கரந்த என்பதற்கும் நான் அர்த்தம் சொல்லித்தான் நடத்தவேண்டும். மறைநிற வடிவம் என்று வைத்தால் என்ன? மலக்கைட்டுப் பச்சையின் மறைநிற வடிவம், அவுரியின் மறைநிற வடிவம், இரண்டுக்கும் பொருந்துகிறது. மஞ்சட்பச்சைக்குள் நீலம் மறைந்திருக்கிறது என்று விளக்கலாம். காபினோலை காபினோல் என்றே விடுங்கள்.

கிண்ணியாவிலிருந்து

---

சேர், நல்லது. ‘மறைநிற வடிவம்’ என்றே மாற்றிவிடுகிறேன். ‘கரந்த’வை விட மனமில்லை, என்றாலும் அக்காமாருக்கு வாசித்துக் காட்டினால் எது விளங்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. திருத்திய பகுதி:

“சாயத்தூளை உலர்ந்தபடி வாளிக்குள் கொட்டாதீர்கள், பறக்கும். முதலில் கொஞ்சம் வினாகிரி விட்டுக் கூழாகக் குழைத்து, பிறகு சுடுநீர் சேருங்கள். ரப்பர் கையுறை, முகமூடி, கண்ணாடி அணியுங்கள். தூள் கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கப்படலாம். உடனே ஓடுகிற நீரில் நீண்ட நேரம் கழுவி ஆசுபத்திரிக்குப் போங்கள். சாயம் காய்ச்சிய பானையில் சமைக்காதீர்கள். நிறம் போன தண்ணீரும் சாயத்தண்ணீர்தான். மறைநிற வடிவம் மீனில் தங்கும்.”

உப்புவெளியிலிருந்து

---

ஒரே ஒரு திருத்தம். ‘கண்ணாடி’ என்று மட்டும் எழுதினால் வாசிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள், பக்கவாட்டால் தூள் போய்விடும். ‘பக்கம் மூடிய கண்காப்பு’ என்று போடுங்கள். படமும் ஒன்று வேண்டும்.

கிண்ணியாவிலிருந்து